படத்தைக் காட்டி வீடு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்புப் பக்கம் இப்போது வீடு கட்ட நினைப்பவர் மேசனிடம் முதலில் நீட்டுவது போனைத்தான். ஆரையம்பதிக்காரருக்குச் சுவிஸிலிருந்து தம்பி அனுப்பிய படம். சாய்ந்தமருதுக்காரருக்குக் கட்டாரில் இருக்கும் மருமகன் அனுப்பிய படம். போர்த்துக்கலிலோ மெக்சிக்கோவிலோ பேர்பெற்ற ஒரு கட்டடக்கலை ஸ்டூடியோ கட்டிக் கொடுத்த வீடு. வெள்ளைப் பெட்டி, கூரை வெளியே தெரியாது, நிலத்திலிருந்து மேல்தட்டு வரை கண்ணாடி, ஹோலின் நடுவே அந்தரத்தில் நிற்பது போல ஒரு படிக்கட்டு. "அச்சு அசல் இதே மாதிரி வேணும்" என்பார்கள். மேசனும் "செய்யலாம்" என்பார். ஏலாது என்று சொன்னால் வேலை அடுத்த பாஸுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

நவீன வீடு கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்தப் பகுதியில் வீட்டுப் பிளான் கீறுகிற வேலையில் இருக்கிறேன். புது மாதிரியில் பிடித்த விடயங்கள் எனக்கும் நிறைய உண்டு. ஆனால் படத்தில் இருக்கும் வீடு எந்த ஊர் வெயிலுக்கு, எந்த மழைக்கு, எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டது என்று படம் சொல்லாது. பெரிய ஸ்டூடியோக்கள் ஒரு கோடு கீறுவதற்கு முன்னால் கேட்கிற கேள்விகளே அவைதான். நாம் அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு விடையை மட்டும் பார்த்தெழுதுகிறோம்.

வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்காதது

ஐரோப்பிய வீடுகளில் தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்கும். அந்தக் கொஞ்ச வெயிலை உள்ளே எடுத்தால் வீடு சூடாகும், ஹீட்டர் செலவு குறையும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏழு எட்டுப் பாகை வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் உயரத்தில்தான் நிற்கும். அதனால் வடக்கிலும் தெற்கிலும் மூன்றடி தாவாரம் விட்டால் யன்னல் வெயிலைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது மேற்கு. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் சரிந்து வரும்போது எந்தத் தாவாரமும் உதவாது. அதோடு ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் வீசுகிற காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி, அந்தக் காற்றும் மேற்கிலிருந்தே வருகிறது. இப்போது கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் காணி வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவி தெரிய வேண்டும் என்பதற்காக ஹோலின் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்குகிறார். வீடு குடிபுகுந்து முதல் கச்சானிலேயே அந்தக் கண்ணாடிக்குத் தடித்த திரை வந்துவிடும். அப்புறம் அது திறக்கவே படாது. லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய வாவியைத் திரைத்துணி மறைத்துவிடும்.

வாவியும் வேண்டும், வீடும் வேகக்கூடாது என்றால் மேற்கில் எட்டடி ஆழத்துக்கு ஒரு விறாந்தை போடுங்கள். அதன் விளிம்பில் பின்னேரம் இறக்கிவிட மூங்கில் தட்டியோ மர லூவரோ இருக்கட்டும். வாவியைப் பார்க்க வேண்டியவர்கள் விறாந்தையில் இருந்து பார்க்கட்டும், காற்றும் அங்கேதான். குளியலறை, களஞ்சிய அறை, படிக்கட்டு ஆகியவற்றை மேற்குப் பக்கம் தள்ளினால் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். படுக்கையறைகளைக் கிழக்கே வையுங்கள், கடற்காற்று படும்.

திறக்க முடியாத கண்ணாடி இன்னொரு பிழை. படத்தில் சட்டமே தெரியாத பெரிய கண்ணாடி அழகுதான், ஆனால் அது திறக்காது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏசியை நம்பி மூடிக் கட்டிய வீடுகளில் அந்த நாட்களில் ஆட்கள் முற்றத்தில்தான் பாய் போட்டுப் படுத்தார்கள். ஒவ்வொரு அறையிலும் எதிரெதிராக இரண்டு திறப்பு, யன்னலுக்கு மேலே வெக்கை வெளியேற ஒரு காற்றுத் துவாரம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

கண்ணாடி வீட்டின் தலைவர் என்றே சொல்லக்கூடிய கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஃபொக்ஸ் ஆற்றங்கரையில் 1951இல் முடித்துக் கொடுத்த ஃபான்ஸ்வேர்த் வீட்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடிதான். உலகம் முழுவதும் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் கோடையில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. செலவு விடயத்தில் வீட்டுக்காரிக்கும் அவருக்கும் வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆற்று வெள்ளம் வரும் என்று தெரிந்து தளத்தை ஐந்தடிக்கு மேல் உயர்த்தித்தான் கட்டினார். அப்படியும் 1954இல் வெள்ளம் உள்ளே வந்தது, 1996இல் வந்த வெள்ளம் கண்ணாடியையே உடைத்தது.

வெள்ளத்தை மறப்பது

ஐந்தடி உயர்த்தியவருக்கே அந்த நிலை. இங்கே படத்தைப் பார்த்து ஹோலின் நடுவில் நிலத்தை இரண்டடி இறக்கி, சுற்றிவர சோபா கட்டுகிறார்கள். மலைச்சரிவில் இருக்கும் வீட்டுக்கு அது சரி. நமது கரையோர மணலில் மாரி காலத்தில் கிணற்றைப் போய் எட்டிப் பாருங்கள், தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். இறக்கிய அந்தக் குழிக்குக் கீழேயும் அதே தண்ணீர்தான். டைல்ஸ் இடுக்கில் ஈரம் கசியும், சோபாவின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும், மோட்டார் வைத்து இறைத்தாலும் தீராது. நிலத்துக்குக் கீழே கார் நிறுத்துமிடமும் இதே கதைதான்.

வீட்டின் தள உயரத்தைப் பிளான் கீறுபவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பக்கத்து வளவில் இருக்கும் வயதானவரிடம் 2011 ஜனவரி வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். அதற்கு மேலே ஒரு அடியாவது இருக்க வேண்டும். ஆனால் வளவு முழுவதையும் கிறவல் கொட்டி உயர்த்துவது வேறு விடயம். உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், மதிலடிச் சண்டை தொடங்கும். வீட்டை உயர்த்துங்கள், வளவை விட்டுவிடுங்கள்.

கூரையை ஒளிப்பது

தட்டையான கூரைக்கு முன்னோடியாகக் காட்டப்படும் வில்லா சவோய், பாரிசுக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1931இல் முடித்த வீடு. தொடக்கத்திலிருந்தே அது ஒழுகியது. வீட்டுக்காரி அவருக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதங்கள் பெயர்போனவை. பாரிஸ் மழைக்கே அப்படி. நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வந்து கொட்டித் தீர்த்துவிடும். வாடைக் காற்றோடு வரும் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து சுவரில் அறையும். தாவாரம் இல்லாத வெள்ளைச் சுவர் இரண்டு மாரி கண்டால் யன்னல் மூலைகளில் கறுப்புக் கோடு, கீழ்ப்பக்கம் பாசி. படத்தில் இருக்கும் வெள்ளை, படம் எடுத்த அன்றைய வெள்ளை.

சிலாப் கூரைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஐந்தடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு கொடுங்கள். தண்ணீர் போகும் குழாயை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று இலை அடைத்தால் மற்றது ஓடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சிலாப் இரவில்தான் திருப்பித் தரும் என்பதால், அதற்குக் கீழே படுக்கையறை வருமென்றால் மேலே ஒரு தகரக் கூரையைக் காற்றுப் போகும் இடைவெளி விட்டுப் போடுவது நல்லது. பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது, மனம் ஆறட்டும்.

இந்த இடத்தில் நமது நாட்டின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவைச் சொல்லியாக வேண்டும். அவர் லண்டனில் படித்து வந்தவர், நவீனக் கட்டடக்கலை தெரியாதவர் அல்ல. கொழும்பில் மழைக்குச் சரிவரும் கூரையாக அவர் எடுத்தது, நெளி சீற்றின் மேல் பழைய அரைவட்ட ஓட்டைப் பதிக்கும் முறை. சீற் தண்ணீரைத் தடுக்கும், ஓடு வெக்கையைத் தடுக்கும், பார்ப்பதற்கும் ஓட்டு வீடு. அகலமான தாவாரம் வைத்தும் அவருடைய வீடுகள் எவருக்கும் பழசாகத் தெரியவில்லை. ஆனால் இங்கே தாவாரம் அகலமாகும்போது காற்று அதைத் தூக்கப் பார்க்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கூரை மரத்தைச் சுவரின் மேல் சும்மா வைக்காமல், சுவரின் தலைப்பைச் சுற்றிவரும் கொங்கிறீட் வளையத்தில் கம்பி அல்லது இரும்புப் பட்டி விட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

உப்புக் காற்று

பூச்சில்லாத வெறும் கொங்கிறீட் சுவர் இப்போது பெரிய மோகம். பூச்சு இல்லை, ஆகவே மலிவு என்று நினைக்கிறார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ அன்டோ மிரிஸ்ஸவில் கடலைப் பார்த்தபடி ஒரு கொங்கிறீட் வீடு கட்டியிருக்கிறார், அதனால் இலங்கையிலும் செய்யலாம்தான். ஆனால் அவருடைய பலகை அச்சு ஒவ்வொன்றும் ஜப்பானியப் பாயின் அளவில், ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடியாக, ஒரு கோடு தவறாமல் பொருந்தி நிற்கும். நமது சென்ரிங் பலகை மூன்று வீட்டுச் சிலாப்புக்குப் போய் வந்தது. அதில் வெறும் சுவர் வார்த்தால் தேன்கூடு போல ஓட்டை விழும், அப்புறம் அதை மறைக்கப் பூச வேண்டும். பூச்சோடு கட்டியிருந்தால் செலவு பாதி.

இதில் உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி வைப்பதற்காகச் சீமெந்தில் சிறு கட்டி வார்த்து, கம்பியில் கட்டி வைக்க வேண்டும். பல இடங்களில் கம்பிக்குக் கீழே ஒரு கல்லுச் சில்லைச் செருகிவிட்டு வார்ப்பைத் தொடங்கிவிடுவார்கள். கொங்கிறீட் கொட்டும்போது ஆள் கம்பியில் மிதிப்பார், சில்லு விலகும், கம்பி பலகையில் போய் ஒட்டிக்கொள்ளும். வார்த்து முடிந்ததும் எதுவும் தெரியாது. சில வருடங்களில் சிலாப்பின் அடியில் கம்பி ஓடும் பாதையிலேயே ஒரு மண்ணிறக் கோடு வரும். அடுத்து வெடிப்பு, அதற்கடுத்துத் துண்டு துண்டாகக் கொட்டும். கடலுக்குப் பக்கத்தில் கம்பிக்கு மேல் குறைந்தது 40 மில்லிமீற்றர் கொங்கிறீட் இருக்க வேண்டும். வார்ப்பு நாளில் வீட்டுக்காரர் சோறு கறிக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டு நிற்பதை விட, ஒரு அளவுகோலோடு கம்பிக்குக் கீழே குனிந்து பார்ப்பது பிரயோசனம். கடல் மண்ணைக் கழுவாமல் கலப்பதும் அதே நோயை உள்ளிருந்தே வரவழைக்கும்.

மெல்லிய கறுப்பு இரும்புச் சட்டங்களைக் கடலோரத்தில் நினைக்கவே வேண்டாம், அதே தோற்றம் அலுமினியத்தில் வரும். ஸ்டெயின்லெஸ் கைபிடி வாங்கும்போது 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், கடையில் சாதாரணமாகத் தருவது 304. அதில் கொஞ்ச நாளில் தேயிலைச் சாயம் போலக் கறை படியும்.

யாருக்காக வீடு என்று கேட்காதது

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. காற்று வெயில் பிழைகளைத் திரை போட்டாவது சமாளிக்கலாம், இதைச் சமாளிக்கச் சுவர் உடைக்க வேண்டும்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு போவார்கள், அல்லது மேல்தட்டு எழுப்பி இளையவளுக்கு எழுதுவார்கள். ஒரு வளவுக்குள் முப்பது வருடத்தில் இரண்டு மூன்று குடும்பம் வந்துவிடும். போர்த்துக்கல் வீடு அப்படி நினைத்துக் கீறப்பட்டதல்ல. ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகள் வளர்ந்தால் வெளியே போய்விடுவார்கள்.

அந்தரத்தில் நிற்கும் அந்தப் படிக்கட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஹோலின் நடுவே படி, மேலே கூரை வரை திறந்த வெளி. இளையவளுக்குக் கலியாணம் பேசும்போது மேல்வீட்டுக்குப் போக அக்காவின் ஹோலுக்குள்ளால்தான் வழி. புது மாப்பிள்ளை இரவு வேலை முடிந்து வரும்போது அக்காவின் குடும்பம் படுத்திருக்கும். உடனே வெளியே இரும்புப் படி ஒன்று ஒட்டுவார்கள், நடுத்திறப்பைச் சிலாப் போட்டு மூடுவார்கள், அதற்குத் தூண் தேடுவார்கள். தொடக்கத்திலேயே படியை வெளிச்சுவர் ஓரமாக, வெளிக்கதவும் உள்கதவும் வைக்கக்கூடிய மாதிரி கீறியிருந்தால் ஒரு கதவைப் பூட்டி மற்றதைத் திறப்பதோடு காரியம் முடிந்திருக்கும். அத்திவாரமும் தூணும் மேல்தட்டைத் தாங்கும்படி பொறியியலாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். இன்று ஒருதட்டு வீடுதானே என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயும் மின் மீற்றரும் இரண்டாகப் பிரிக்கத் தோதாக ஒரு பக்கச் சுவரில் வரட்டும்.

வந்தவர் வாசலில் நின்றாலே சாப்பாட்டு மேசையும் குசினியும் தெரிகிற ஒரே பெரிய மண்டபமும் இப்படித்தான். காத்தான்குடியிலோ மருதமுனையிலோ ஆண் விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்களுக்கு வேறு வழி வேண்டும். தமிழ் வீடுகளிலும் செத்த வீடு, கலியாண வீடு என்று நூறு பேர் வரும் நாட்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகு ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்தவில், ஒரு முஸ்லிம் மீன்பிடிக் கிராமத்துக்கு ஷிகேரு பான் கட்டிக் கொடுத்த வீடுகள் இதற்கு நல்ல பாடம். பான் உலகப் பேர்பெற்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர். 2014இல் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். அவர் அங்கே ஜப்பானிய வீடு கட்டவில்லை. மண்ணும் சீமெந்தும் சேர்த்து அமுக்கிய கல்லால் சுவர், றப்பர் மரத்தால் தட்டி. வசிக்கும் பகுதிக்கும் குசினிக்கும் நடுவே கூரை போட்ட ஒரு முற்றம். ஆட்கள் இருந்து பேசவும் வேலை செய்யவும் அந்த முற்றம். குசினி தன் பாட்டில் பின்னால். அகலமான விறாந்தையும் பின்முற்றமும் வைத்த நமது பழைய வீட்டுக்கு அது தூரத்து உறவு போலத்தான் இருக்கிறது.

சின்னக் காணிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில் மதிலோடு மதில் ஒட்டிக் கட்டும்போது பக்க யன்னல்கள் அடுத்த வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும். கிடைக்கும் ஒவ்வொரு அடியையும் அறையாக்காமல் நடுவில் வானம் தெரிய ஒரு திறப்பு விடுங்கள். கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குப் பாவா 1962இல் முடித்த வீடு அப்படி உள்முற்றத்தைப் பார்த்துத் திரும்பிய வீடுதான். அன்டோ 1976இல் ஒசாகாவில் கட்டிய சுமியோஷி வீட்டிலும் நடுமுற்றம் உண்டு, ஆனால் அங்கே மழை நேரத்தில் கழிப்பறைக்குப் போகக் குடை பிடிக்க வேண்டும். அதை நமது உம்மாமார் ஏற்க மாட்டார்கள். முற்றத்தின் ஒரு ஓரத்துக்குக் கூரை போட்டுவிடுங்கள்.

உள் அலங்காரம்

திறந்த குசினி படத்தில் அழகு. மீன் பொரித்து, மிளகாய் வறுத்து, தேங்காய்ப்பால் பொங்கும் வீட்டில் அந்த மணம் சோபாத் துணியில் குடியிருக்கும். கடைசியில் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டு அங்கேதான் சமையல் நடக்கும், முன் குசினி காட்சிக்கு இருக்கும். முதலே காற்றோட்டமான பின் குசினியை ஒழுங்காகக் கீறிவிட்டு, முன்னால் தேத்தண்ணி போட ஒரு மேடை வையுங்கள்.

குசினி அலுமாரிக்கு அமுக்கிய மரத்தூள் பலகை வேண்டாம். ஒரு முறை வெள்ளத் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், மாரி ஈரத்துக்கே விளிம்பு கழலும். அலுமினியச் சட்டமோ நல்ல தேக்கோ போதும். நிலத்துக்குப் பளபளக்கும் டைல்ஸ் போட்டு மழைக்காலில் விழுந்து கையை முறித்தவர்கள் உண்டு. டைட்டேனியம் நிலம் என்று சொல்லும் மெருகேற்றிய சீமெந்து நிலம் அல்லது பழைய சிவப்புச் சீமெந்து நிலம் குளிர்ச்சி, விலையும் குறைவு.

பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் ஹோட்டலில் தங்கிவிட்டு வந்து, கண்ணாடிச் சுவர்க் குளியலறை கேட்பவர்களும் உண்டு. அங்கே காலையில் கண்ணாடி துடைக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார், சீசன் முடிந்ததும் வர்ணம் பூசுகிறார்கள். வீட்டில் யார் துடைப்பது? இறக்குமதிச் சுவர்க்குழாய்களும் அதே சிக்கல். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது உதிரிப்பாகம் கிடைக்காமல் சுவரை உடைத்துச் சாதாரணக் குழாய் மாட்டினார்கள்.

காசு கொடுப்பதற்கு முன்

இணையத்தில் விலைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பிளானை அப்படியே பிரதேச சபையில் கொடுக்க முடியாது. இங்கே பதிவு பெற்ற ஒருவரின் கையொப்பம் வேண்டும். கடலோரத்தில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் காணி என்றால் அது கரையோர வலயம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் எடுக்க வேண்டும். அத்திவாரம் வெட்டிய பிறகு இதை அறிபவர்கள் இருக்கிறார்கள். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளி எங்கே வைப்பது என்பதையும் வீட்டைக் கீறும்போதே பாருங்கள். சின்ன வளவில் அதுதான் வீட்டின் இடத்தையே தீர்மானிக்கும்.

த்ரீடி படத்தை மட்டும் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் தண்ணீர்த் தாங்கி இருக்காது, ஏசியின் வெளிப்பெட்டி இருக்காது, உடுப்புக் காயவைக்கும் கொடி, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள் எதுவும் இருக்காது. கீறுபவரிடம் இவை ஒவ்வொன்றையும் பிளானில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடம் கேளுங்கள். கூரை எங்கே முடிகிறது, தளம் வீதியை விட எவ்வளவு உயரம், மேற்கு வெயில் எதுவரை உள்ளே வருகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் தங்கள் வீடுகளின் படத்தோடு அந்த வரைபடத்தையும் வடதிசைக் குறியோடு வெளியிடுகின்றன. தம்பி அனுப்பிய படத்துக்கும் அது இருக்கிறதா என்று தேடி எடுத்து, மேசனிடம் போவதற்கு முன் பிளான் கீறுபவரிடம் கொடுங்கள்.